ஏழு நாற்பது பஸ்ஸுக்கு ஒரு காரணம்

அன்புள்ள குட்டித் தத்துவத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்டால், நலம் என்றால் என்ன என்று முதலில் தீர்மானித்துக்கொள்வோம் என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால் நேராகவே கேட்கிறேன், காலையில் சாப்பிடுகிறாயா, ஒழுங்காகத் தூங்குகிறாயா, போன மாதம் சொன்ன அந்த இருமல் விட்டதா. ஆமாம், இல்லை என்று எழுதினால் போதும், நாலு பக்கம் வேண்டாம். உன் அறவியல் கட்டுரை வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்றைக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்குப் புரிந்திருக்காது, அதான் பதில் இல்லை என்று அப்பா உன்னிடம் போனில் சொன்னாராமே. புரிந்தது கண்ணு, கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது, அதுதான் தாமதம்.

கட்டுரையை டிப்போவுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பதை மனிதர் கையில் விடக்கூடாது, மனிதர் என்றால் வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பார், இயந்திரத்துக்கு அப்படி யாரும் கிடையாது, அதனால் அதுவே நியாயம் என்று முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்திருக்கிறாய். பதினாலு வருஷமாக இருநூறு டிரைவர் கண்டக்டருக்கு டியூட்டி சார்ட் போடுகிறவள் வயிற்றில் பிறந்துவிட்டு எழுதுகிற எழுத்தா இது. சந்தையில் நின்று கேள்வி கேட்டே ஊரைக் கடுப்பேற்றிய அந்தக் காலத்துக் கிரேக்கப் பெரியவரைத் துணைக்கு அழைத்திருக்கிறாய். நாளைக்கு நாம் யாராக இருப்போம் என்று தெரியாத மாதிரி ஒரு திரையைப் போட்டுக்கொண்டு விதி எழுதச் சொல்லும் இந்தக் காலத்தவரையும் கூட்டி வந்திருக்கிறாய். பெற்ற அம்மாவை மட்டும் ஒரு அடிக்குறிப்பில்கூடக் காணோம். ஆனால் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி, யாரையும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது, எதிரே இருப்பவரும் ஒரு மனிதர் என்று, அதைப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். நம் பிள்ளை எவ்வளவு அழகாக எழுதுகிறது என்று பெருமை வேறு.

நீ எழுதிய வேளையோ என்னவோ, அடுத்த வாரமே எங்கள் டிப்போவுக்கு அந்த இயந்திரம் வந்துவிட்டது. ஒரு எஞ்சினியர் பெண் வந்து கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றினாள், உன்னைவிட நாலு வயசு கூட இருக்கும், உன்னை மாதிரியே நகம் கடிக்கிறாள். சோதனைக்காக முதல் சார்ட்டை அதுவே போட்டது, அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஒரே கூட்டம். மேடம் சார்ட்டிலேயே ஓரவஞ்சனை கிடையாது, இது எதுக்கு என்று இரண்டு மூன்று பேர் மேலாளர் காதில் விழுகிற மாதிரி சொன்னார்கள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது, உன் முதல் பக்கத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது என்று நினைத்தேன். அப்போதுதான் நிதானம் அண்ணன் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். உனக்கு அவரைத் தெரியும், நாலாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிகிறவரை நீ பள்ளிக்கூடம் போன ஏழு நாற்பது பஸ்ஸை ஓட்டியவர். பிரேக் போட்டால் நிற்கிறவர்கள்கூட அசைய மாட்டார்கள், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு மதிய ஷிஃப்ட் விழுந்திருந்தது. இப்ப மட்டும் ஏன் மாத்திச்சு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். கம்ப்யூட்டர் அப்படிக் கொடுத்திருக்கு, ஏன்னு எனக்கும் சொல்லத் தெரியாது சார் என்றாள். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“அதுக்குத் தெரியாது, சரி. நீங்க சொல்லுங்க மேடம், பதினோரு வருஷமா எனக்கு மட்டும் ஏன் விடியக்காலை?”

சீனியாரிட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. பதினாலு வருஷத்துப் பெயர் அந்த ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கும். மேலாளரும் பக்கத்திலேயே நிற்கிறார், சார்ட் இனி என் கையில் இருக்குமா இல்லையா என்பதே அன்றைக்குத்தான் முடிவாக வேண்டும். ஆனால் நீ எழுதிய அந்தத் திரை கண்ணு முன்னால் வந்து தொங்குகிறது, என்ன செய்ய. நான் அவர் வீட்டம்மாவாக இருந்தால் அந்தச் சார்ட்டை ஒப்புக்கொண்டிருப்பேனா, மாட்டேன். சொல்லிவிட்டேன். அந்த பஸ்ஸில் என் பெண் போனாள் அண்ணே, நான் அஞ்சு மணிக்கே இங்கே வந்துடுவேன், அவ அப்பா ஸ்டாப் வரைக்கும்தான் வருவார், அவ ஒன்பது வயசுல தனியா ஏறணும், உங்களைத் தவிர வேற யாரை நம்பியும் எனக்கு மனசு வரலை என்று. அவள் பள்ளி முடித்து இரண்டு வருஷம் ஆனபிறகும் உங்கள் பெயரை எடுக்க மறந்துவிட்டேன் என்பதையும் சொன்னேன், அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இவ்வளவுதானா என்றார். நான் சேர்ந்த புதுசில் லீவுக்காக என்னிடம் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டாராம், அந்தக் கோபத்தை வைத்துத்தான் பழிவாங்குகிறேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஷிஃப்ட் மாற்றிக்கொடுங்கள் என்று இரண்டு தடவை எழுதிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலேயே வைத்துத் திரும்பிப் போனாராம். “காரணம் தெரிஞ்சிருந்தா நான் சந்தோஷமாவே எழுந்திருப்பேனேம்மா,” என்றார். மேடம் போய் அம்மா வந்துவிட்டது. பிறகு, என் பையனைத்தான் ஒரு நாள்கூட ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டதில்லை என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். உன் ஆறாம் பக்கமும் என் பென்சில் கோடும் ஞாபகம் வந்தது. நல்ல வேளை, நீ பக்கத்தில் இல்லை.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே, உன் பங்கு இனிமேல்தான். சாயங்காலம் டீ குடிக்கிற இடத்தில், அந்த மூணு மெமோ ஞாபகம் இருக்காம்மா என்று நிதானம் அண்ணன் கேட்டார், முகத்தில் சிரிப்பு. ஏழு நாற்பது பஸ் அடிக்கடி தாமதம், விளக்கம் தருக என்று நானே டைப் அடித்துக் கொடுத்த மெமோக்கள். மூன்றுக்கும் சாலை நெரிசல் என்று எழுதிக் கொடுத்திருந்தார். “பாப்பா ஒரு ஷூவைக் கால்ல போட்டுக்கிட்டு ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வரும். நான் எப்படி வண்டிய எடுக்கறது?” வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். மனிதர் உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஏழரைக்கே ஸ்டாப்பில் நின்றுவிடுவோம் என்று ஒன்பது வருஷம் அப்பாவும் பெண்ணும் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறீர்கள், இதில் உனக்கு அறவியலில் முதல் மதிப்பெண் வேறு.

இப்போது ஏற்பாடு என்னவென்றால், சார்ட்டை இயந்திரமே போடும். எனக்கு வருத்தம்தான், ஆனால் ஏன் என்று கேட்கிறவருக்கு ஒரு ஆள் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் மாற்ற வேண்டும், அந்த வேலை எனக்கு. நான் கேட்டு வாங்கிக்கொண்டது. நிதானம் அண்ணன் பையனுக்கு இப்போது கல்லூரி, தினமும் காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார், அவன் வெட்கப்பட்டு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறானாம். சொல்லும்போது அவர் சிரித்தார், எனக்குச் சிரிக்க வரவில்லை. போன வெள்ளிக்கிழமை கோப்பிலிருந்து அந்த மூன்று மெமோவையும் எடுத்தேன், சாலை நெரிசல் என்பதை அடித்துவிட்டு ‘என் மகள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் பார்த்துவிட்டு, இப்படி ஒரு காரணத்துக்கு விதியில் இடமில்லையே என்றார். இருந்தாலும் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

என் மனசு நோகுமே என்று உன் முடிவை மாற்றாதே, என்னைவிட அந்த இயந்திரம் நியாயமாக இருக்கலாம், இல்லையென்று சொல்ல எனக்கு வாயில்லை. காரணம் கேட்டால் அது என்ன சொல்லும் என்று மட்டும் ஒரு பக்கம் சேர். அதற்கு முன்னால் நிதானம் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுது, மேற்கோள் எதுவும் வேண்டாம், ஷூ விஷயத்தை நீயே உன் கைப்பட ஒப்புக்கொண்டால் போதும். டிப்போ முகவரிக்குப் போடு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், பிரித்துப் படிக்க மாட்டேன், முயற்சி செய்கிறேன். ரோட்டைக் கடக்கும்போது போனைப் பார்க்காதே. இருமலுக்கு மருந்து வாங்கினாயா இல்லையா. நன்றாகப் படித்து, நாலு பேர் ஏன் என்று கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்கிற மனுஷியாக நீ நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் அதுவே, அவர் இன்னும் கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் இரண்டு ஷூவையும் போட்டுக்கொண்டு கிளம்பு.

அடிக்குறிப்பிலும் இடம் கிடைக்காத,
உன் அம்மா