கன்னிமூலைக் குழி

ஏரல், கார்த்திகை 20

அனுராதா அப்பாவுக்கு,

வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு வா என்று இனி எழுத வேண்டாம். நிலவறையில் இப்போது தண்ணீர் இல்லை.

போன வாரம் ஆறு பெருகியதும் வழக்கம்போலத் தரைக்கடியிலிருந்து ஊறி, முழங்கால் அளவு நின்றது. கொத்தனார் முத்துமாலை இறங்கிப் பார்த்தார். "யம்மா, இங்கன மூலையில தண்ணி வடிய ஒரு குழி இருந்திருக்குமே, அத யாரு மூடுனது?" என்றார்.

கன்னிமூலையில் பள்ளம் இருந்தால் வீட்டுத் தலைவன் தங்கமாட்டான் என்று வாஸ்துக்காரர் சொன்னதும், மண்ணைக் கொட்டி சிமெண்டு பூசியது நீங்கள்தானே.

தண்ணீரை இறைத்துவிட்டு நேற்று உடைத்தோம். முதல் அடி நான் போட்டேன். "பைய, பைய" என்று கொத்தனார் கடப்பாரையைப் பிடுங்கப் பார்த்தார்; கொடுக்கவில்லை. பழைய கல்குழி அப்படியே இருக்கிறது. அதில் சேரும் தண்ணீரைச் சின்ன மோட்டார் வைத்து வாழைக்குப் பாய்ச்சுகிறேன்.

குழி திறந்திருந்த முப்பது வருடமும் நீங்கள் இந்த வீட்டில்தான் இருந்தீர்கள். மூடிய பிறகுதான் போனீர்கள்.

வருவதானால் வாருங்கள். நிலவறைப் படி இன்னும் வழுக்குகிறது, பார்த்து இறங்குங்கள்.

இப்படிக்கு,
கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவள்