நான் வாசித்த வசனம்

அன்பு மகள் நிரோஜினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் ஏதோ நடமாடுகிறோம், நீயும் குவைத்து வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் வெள்ளிக்கிழமை அங்கே பிளேன் ஏறுகிற பக்கத்து லயத்து வீட்டு அனுஷ்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தம்பி மிலானுக்குக் காய்ச்சல் என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய். தேயிலைக்குள் புல்லுக்கு மருந்து அடிக்கிறவன், தோட்டத்தில் கொடுத்த முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு மாதமாக வெறும் முகத்தோடு அடித்திருக்கிறான். விஷம் குடித்தாலும் விசுவாசிக்கு ஒன்றும் ஆகாது என்கிற வசனத்தை அப்படியே நம்பச் சொல்லிப் பாஸ்டர் ஜெபக்கூட்டத்தில் பேசினாராம். போன மாதம் மலையிலேயே வாந்தி எடுத்து விழுந்துவிட்டான். நம் சபை ஆட்கள் சுற்றி நின்று ஜெபம் பண்ண, மாரியம்மன் கோயில் கமிட்டிச் செல்லசாமிதான் தோளில் போட்டு ரோட்டுக்கு இறக்கினான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு முறை விழுந்தால் நெஞ்சு தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மிலான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் பாஸ்டர் மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டு இருந்திருப்பேன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதற்கு, "நீங்கதானப்பா சின்னதுலருந்து அத வாசிச்சீங்க, ஒரு நாளாவது அது அப்படி இல்லன்னு சொன்னீங்களா" என்றான். நானும் மருந்து அடித்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, திங்கட்கிழமை மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் மலைக்குப் போனேன். இருபத்திரண்டு வருடம் இப்படி. வெட்கமாக இருக்கிறது, அதைவிட அலுப்பாக இருக்கிறது.

இப்போது அவன் பிழைத்ததே வசனத்துக்குச் சாட்சி என்று வருகிற ஞாயிறு நன்றி ஆராதனை வைத்திருக்கிறார்கள். சேலைன் ஏற்றிய டொக்டரைப் பற்றி ஒருவருக்கும் பேச்சில்லை. நான்தான் அதே வசனத்தை வாசிக்க வேண்டுமாம். வாசிக்க மாட்டேன். அதை அப்படி எடுக்கக் கூடாது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுந்து சொல்லப் போகிறேன். சபையில் இனி இடம் இருக்காது, அம்மாவும் பேசமாட்டாள். ஆண்டவரை நான் விடவில்லை, அதை மட்டும் நீ நம்பு.

அவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். குளிருக்குப் போர்வை அனுப்ப வேண்டாம், இருக்கிறது. ஒன்றை மறந்துவிடாதே. மிலான் திங்கட்கிழமை மறுபடி மருந்து அடிக்க இறங்குகிறான். நான் வாசித்ததை நம்பிய பிள்ளை நான் மறுப்பதை நம்புவானோ தெரியாது, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகுமுன் நீ அவனுக்குப் போன் எடுத்து முகமூடியைப் போடச் சொல்லு.

அன்புள்ள அப்பா,
ஞானரட்ணம்
பொகவந்தலாவை