சுவரில் சொட்டிய சிறுவாணி

நங்கையா,

இன்று காலை எங்கள் குடியிருப்பின் அடியில், வண்டி நிறுத்துகிற இடத்தில், சுவரோரமாக ஈர வாடை அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் மட்டும் நின்று நன்றாக மூச்சை இழுத்தேன். வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்! உங்களைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்திய வாடை அல்லவா அது!

அது தொண்ணூறுகளின் தொடக்கம். உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் மருமகளாக வந்த பீளமேட்டு வீட்டில், பின்பக்கம் படி இறங்கினால் பூமிக்குள் பாதி புதைந்த ஓர் அறை இருந்தது. ‘அண்டர்கிரவுண்டு’ என்று பெருமையான பெயர். உள்ளே கிழிந்த சாக்கும் துருப்பிடித்த மோட்டாரும்தான் குடியிருந்தன. சுவரெல்லாம் உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிரும்.

கை நீட்டுகிற கணவரை விட்டுவிட்டு, கிணத்துக்கடவிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு நீங்கள் பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கினீர்கள். இங்கே இடமில்லையே என்றார் மாமா. உங்களைப் பெற்ற அப்பாதான்! இடமில்லை என்பது சும்மா சாக்கு. ஊர் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவருடைய பயம்.

நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, “ஏனுங்கப்பா, கீழ் ரூமு சும்மாதான கெடக்குது? அதைய எனக்குக் குடுத்துருங்க” என்றீர்கள்.

“அது ரூமா அம்மணி? ஊறிப்போன செவுரு. சரி, ஐப்பசி மழ வரைக்கும் பாரு. அப்பவும் ஊறுச்சுன்னா மண்ணக் கொட்டி மூடிப்போட்டு, உன்னைய மாப்பிள்ள ஊட்டுல உட்டுப்போட்டு வந்துருவேன்.”

மாமா சொன்னால் செய்கிறவர். நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வெளக்கமாறு எங்க வெச்சிருக்கறே கண்ணு?” என்று கேட்டீர்கள். அடேயப்பா, என்ன தெம்பு உங்களுக்கு!

அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை. உங்கள் தம்பி, அதான் என் வீட்டுக்காரர், தார் பூசிப் பார்த்தார். கொத்தனார் சிமெண்டை அப்பிப் பார்த்தார். உப்புப் பூத்திருப்பதால் இது பூமிக்குள்ளிருந்து வருகிற உப்புத் தண்ணீர்தான், நிற்கவே நிற்காது என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே சுவர் சொட்டுகிறது!

ஒரு மத்தியானம் நீங்கள் விரிசலுக்குக் கீழே ஒரு டம்ளரை வைத்தீர்கள். கொஞ்சம் சேர்ந்ததும், நான் தடுக்கத் தடுக்க, மடக்கென்று வாயில் ஊற்றிக்கொண்டீர்கள்.

“அய்யோ நங்கையா, துப்புங்க, துப்புங்க!”

துப்பவில்லை. கண்ணை அகல விரித்தீர்கள். “அம்மணி! இது சிறுவாணி!”

போர்வெல் தண்ணீரை நாக்கில் வைத்தாலே உவர்க்கும். குழாயில் வருகிற சிறுவாணி ஆற்றுத் தண்ணீரின் ருசி கோயமுத்தூரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மிச்சத்தை நானும் குடித்தேன். சத்தியமாகச் சிறுவாணி! அந்த ஈரத் தரையில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோமே, கல்யாணத்தில்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பூமித் தண்ணீர் என்றால் வழியில்லை. குழாய்த் தண்ணீர் என்றால் திருடன் பக்கத்திலேயே இருக்கிறான். அந்தச் சுவருக்கு மறுபுறம், மண்ணுக்குள், எங்கள் குடிதண்ணீர்த் தொட்டி! வாஸ்து பார்ப்பவர் சொன்னார் என்று மாமா அதை ஈசான மூலைக்கு மாற்றி, சுவரோடு சுவராகக் கட்டியிருந்தார். அதற்குப் பின்புதான் தன் மோட்டார் பட்டறைக்கு ஆர்டர் குவிந்தது என்று அவருக்கு அசையாத நம்பிக்கை.

“தொட்டியில கை வெச்சா பட்டற படுத்துரும். ஆரும் தொடக்கூடாது” என்றார். உங்கள் வாயை யார் அடைப்பது?

“ஏனுங்கப்பா, ஈசானியம் ஊட்டுக்குங்களா, காம்பவுண்டுக்குங்களா? அந்தக் கோடி மூலைக்குக் கொண்டுபோனா இன்னும் நல்ல ஈசானியமாச்சுங்களே?”

மாமா மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். வாஸ்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரும் ஆமாம் என்றார். இல்லையென்று சொல்லியிருந்தால் நீங்கள் அவரை லேசில் விட்டிருப்பீர்களா என்ன!

காம்பவுண்டு மூலையில் புதுத் தொட்டி எழும்பியது. பழையதை மூடினோம். சுவர் காயக் காய, உப்பைச் சுரண்டித் தள்ளி, கொத்தனாரிடம் சிமெண்டில் வாட்டர்புரூஃப் பவுடர் கலந்து பூசச் சொல்லி, சுண்ணாம்பு அடித்தோம். மழைத் தண்ணீர் ஒதுங்கிப் போகச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினோம். மேலே ஒரு சன்னல் வைத்து, பட்டறையிலிருந்து ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனையும் தூக்கிவந்து மாட்டினோம். நான் பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் திட்டுவீர்கள். “செவுத்துக்கும் மூச்சு உட எடம் வேணும் கண்ணு, தள்ளிப் போடு.”

ஐப்பசி வந்தது. மழை என்றால் மழை, அப்படியொரு மழை! ரோட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். விடிந்ததும் வீடே திரண்டு படியிறங்கியது. மாமா சுவரைத் தடவினார். குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பீரோவுக்குப் பின்னாலும் கையை விட்டுத் துழாவினார். எங்கும் சொட்டு ஈரமில்லை. போய் உங்கள் கட்டிலில் உட்கார்ந்தார்.

“எனக்குக் காப்பியக் கீழயே கொண்டாங்க” என்றார்.

நீங்கள் என் தோளைக் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே, நாலு நாள் வலித்தது. உங்களைக் கொண்டுபோய் விடுகிற பேச்சை மாமா அப்புறம் எடுக்கவே இல்லை. தையல் மிஷினும் ரேடியோவும் சிரிப்புமாகக் கடைசிவரை அந்த அறையில் ராணி மாதிரி இருந்தீர்கள். யாராவது வந்து, “புருசன் ஊட்டுக்கு எப்பப் போறே?” என்று கேட்டால், “எம்பட ஊட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க” என்று அனுப்பிவைப்பீர்கள்.

நீங்கள் இப்போது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் என் தம்பி மகள் ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் விரல் தடம். எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்க, வீட்டில் ஒவ்வொருவரும் வாயெடுத்தார்கள். நான் முந்திக்கொண்டேன், நங்கையா. அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு கேட்டேன்:

“உனக்கு எந்த ரூமு வேணும், கண்ணு?”