சாம்பியன் என்று நான் காட்டிய குதிரை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

பந்தயக் குதிரைப் பண்ணையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இப்போது நான்தான் வழிகாட்டி. நான் வாயைத் திறந்தால் நாற்பது பேரும் அசையமாட்டார்கள். ஆனால் இந்த மேனேஜரோடு மாரடிக்க முடியவில்லை அக்கா!

நேற்று கறுப்பாக, கம்பீரமாக ஒரு குதிரை நின்றது. "பதினெட்டுக் கோப்பை வாங்கின சாம்பியன். இங்க பொறக்கிற குட்டிக்கெல்லாம் இதுதான் அப்பா" என்றேன். வேலியோரம் முண்டியடித்துப் போட்டோ எடுத்தார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். "யோவ், பெண் குதிரைக்குச் சேர இஷ்டமான்னு பார்க்க மட்டும் விடுற குதிரை அது! ஒரு குட்டிக்குக்கூட அப்பன் இல்லய்யா!"

"அதை அது காதுபடவா சொல்லணும் சார்?" என்றேன். கூட்டமே கைதட்டியது. மனுஷன், உன் மகள் கல்யாணத்துக்காக நான் எழுதிக் கொடுத்திருந்த லீவுத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

அவளிடம், மாமா இல்லாமல் பண்ணையே நடக்காதாம் என்று சொல். என் பட்டு வேட்டியை மாப்பிள்ளையின் தம்பிக்குக் கொடுத்துவிடாதே. கல்யாணத்தன்று போனில் வீடியோ போடு. போன தடவை மாதிரி பந்தல் கூரையையே காட்டிக்கொண்டிருக்காதே, அவள் முகத்தைக் காட்டு.

அடுத்த கூட்டத்தோடு வேன் வந்துவிட்டது.

உன் தம்பி