பின்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

அன்புத் தங்கைக்கு,

அக்கா நலம். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். போன கடிதத்தை உன் மாமாவை எழுதச் சொன்னதும் அதனால்தான். காரணம் பிறகு சொல்கிறேன்.

'அவுட்வர்ட்' என்ற ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் இரண்டு பக்கம் எழுதித் தள்ளிவிட்டாய். டீச்சர் வேலை கிடைத்த மிதப்பு! உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக, கதவுக்கும் சொல்லலாம், கால்விரலுக்கும் சொல்லலாம் என்றிருந்தாய். எனக்குக் கதவு போதும்.

எங்கள் தையல் கூடத்தின் பாதுகாப்புப் படிவத்தில், அவசர வழியான பின்கதவு அவுட்வர்டாகத் திறக்கும் என்று அச்சடித்திருந்தது. மேனேஜர் அதற்கு நேராக டிக் போட்டு, தொழிலாளர் சார்பில் என்னிடம் நீட்டினார். கையில்தான் கட்டு இருக்கிறதே, ரேகை வைத்தால் போதும் என்று தாராளம் வேறு. அந்தக் கதவு உள்பக்கம்தான் திறக்கும். உன் பதில் வந்ததும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் திறந்தால் என்ன, வேலை வேண்டுமா வேண்டாமா என்றார். உன் மாமாவும் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மேனேஜரைக் கதவோடு நிற்க வைத்து, அவர் பின்னால் எங்கள் வரிசைப் பெண்கள் பதினெட்டு பேரும் நெருக்கி நின்றோம்.

"இப்ப தொறங்க சார்" என்றேன்.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு வர இடமில்லை. நகருங்கம்மா என்றார். ஒருத்தியும் நகரவில்லை. மனிதருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

நேற்று தச்சர் வந்து கீல்களை அளந்துவிட்டுப் போனார். மேனேஜர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வேலை போனால் போகட்டும். கதவை மாற்றி மாட்டும்வரை ரேகையும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

கையைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மெஷினின் மோட்டார் புகைந்தது. எல்லோரும் ஓடினோம். முதலில் அந்தக் கதவைப் பிடித்தவள் நான். நான் இழுக்க இழுக்க, பின்னால் வந்தவர்கள் என்னைக் கதவோடு சேர்த்து நசுக்கினார்கள். மணிக்கட்டு உடைந்தது அப்போதுதான். யாரோ மெயின் சுவிட்சை அணைத்துப் புகை அடங்கியதால் உனக்கு இதை எழுதுகிறேன். நிஜமாகவே பயந்துபோனேன், தங்கச்சி.

நீ தங்கியிருக்கும் விடுதியில் மாடிப்படிக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? வேறு எதையும் எழுத நேரமில்லாவிட்டாலும் அதை மட்டும் இன்றே தள்ளிப் பார்த்து எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா