மிஷின் கேட்டது நானில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அதேபோல இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தைத் தேடுகிறாள் என்று நீ சிரிப்பாய். போனில் பேச முடிந்தால் பேசியிருக்க மாட்டேனா கண்ணு, நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கண்ணாலேயே மிரட்டுகிறார். போன வாரம் நீ, அம்மா நான் பார்த்துப் பார்த்து அனுப்பின மிஷின் எப்படி ஓடுது, என்ன தெச்சே என்று கேட்டாய், நான் மென்று விழுங்கினேன், அவர் போனைப் பிடுங்கி எல்லாம் நல்லா ஓடுதும்மா என்று சொல்லி வைத்துவிட்டார். விஷயம் இதுதான். தையல் மிஷின் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. எனக்கு அறுந்த பொத்தானைத் தைக்கவே அலுப்பு என்பது உனக்குத் தெரியாதா? கேட்டது உன் அப்பா. தைக்கிறவரும் அவர்தான். சிரிக்காமல் முழுசாகப் படி.

அவர் பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீடு எப்படி இருந்தது என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவு தூரத்திலிருந்து நீ என்ன செய்வாய் என்று விட்டுவிட்டேன். காலையில் குளித்து, சட்டை போட்டு, சீப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தயாராகிவிடுவார், போவதற்குத்தான் இடம் இருக்காது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு தெருமுக்கில் திரும்புகிற ஒவ்வொரு பஸ்ஸையும் குற்றம் சொல்வார், பாரு கியரை மாத்தாம ஏத்துறான் பாரு என்று. அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிட்டது. சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போனார். நானே வேண்டுமென்று இரண்டு வார்த்தை கூடப் பேசிப் பார்த்தேன், சண்டைக்கும் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷன் கண்ணு. இவர் இப்படியே அந்த நாற்காலியில் கரைந்து போய்விடுவாரோ என்று பயந்தேன், உண்மையாகவே பயந்தேன்.

இந்த நேரத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் மூக்குக் கண்ணாடி மாற்றப் போனோம். வந்தது அவர் ஓட்டிக்கொண்டிருந்த அதே பஸ். டிரைவருக்குப் பின்னால் இருந்த ஸீட் கிழிந்து, பஞ்சு வெளியே தள்ளி, கம்பி தெரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் எழுந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் உடுப்பு அந்தக் கம்பியில் மாட்டிக் கிழிந்துவிட்டது, பாவம் பையை வைத்து மறைத்துக்கொண்டே இறங்கிப் போனது. உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவரே கிழித்துவிட்ட மாதிரி கூனிக் குறுகிப் போனார். மறுநாள் நேராக டிப்போவுக்குப் போய் மேனேஜரைப் பார்த்திருக்கிறார். மேனேஜர், ஸீட்டு உறை தெச்சுக்கிட்டிருந்தவர் வேலையை விட்டுப் போயிட்டாரு அண்ணே, நான் யாரைப் போய்த் தேடுறது என்று கையை விரிக்க, இவர் சட்டென்று நான் தெச்சுத் தர்றேன் என்று சொல்லிவிட்டார்! ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஆள். மேனேஜர் முதலில் விளையாட்டு என்று நினைத்தாராம், அப்புறம் சரி, ஒரு ஸீட்டு தெச்சு எடுத்துட்டு வாங்க, அது நின்னுச்சுன்னா மொத்த வண்டிக்கும் நீங்கதான், இல்லேன்னா அடுத்த மாசம் வெளியில குடுத்துடுவேன் என்று சொல்லி ஒரு கிழிந்த ஸீட்டையும் கொடுத்து அனுப்பினார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தவர், எனக்குப் பசிக்குது, சாப்பாடு போடு என்று கேட்டார். எத்தனையோ நாளுக்கு அப்புறம் கேட்டார்.

ஆனால் ஒரு நிபந்தனை. யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாக உனக்குத் தெரியக்கூடாது. பஸ் ஓட்டின கை ஊசி பிடிக்குதான்னு நாலு பேர் கேப்பாங்க, முதல்ல கத்துக்கிறேன், அப்புறம் சொல்லிக்கலாம் என்றார். கடைத்தெருவில் மிஷின் விற்கிற கடை இருக்கிறதே, முன்னால் துணிக்குடை விரித்து வைத்திருக்குமே, அங்கே போனோம். அந்தக் கடைக்காரம்மா எந்த மிஷினையும் காட்டுவதற்கு முன்னால், என்ன தைக்கப் போறீங்க என்றுதான் கேட்டாள். உன் அப்பா கூச்சப்பட்டுக்கொண்டு என்னைக் கைகாட்டி, இவளுக்குத்தான், தலையணை உறை அது இதுன்னு தைப்பா என்று சொல்லிவிட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். அவளும் பாவம், தலையணை உறைக்கு ஏற்ற சின்ன மிஷினாக எடுத்து வைத்தாள். விலை கேட்டதும் இவருக்கு ஏமாற்றப் பார்க்கிறாளோ என்று சந்தேகம். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டு, அம்மா மிஷின் கேக்குறா என்று அதே பொய்யை உன்னிடமும் சொன்னார். நீ உடனே கடைக்காரங்களை நம்பாதீங்கப்பா, ஆன்லைன்ல வாங்கினா விலையும் குறைவு, வாங்கினவங்க எழுதினதையும் படிச்சுப் பார்த்து எடுக்கலாம் என்று சொல்லி, அம்மாவின் முழங்காலுக்கு நோகாமல், தூக்க லேசாக, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாய். நீ செய்ததில் ஒரு குறையும் இல்லை கண்ணு. உனக்குச் சொன்னதற்கு ஏற்றதைத்தான் நீ வாங்கினாய்.

பெட்டி வந்த அன்று அவர் உட்கார்ந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருக்கலாம், கை துடித்தது. நாற்காலியை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, துணியை இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். வலது காலை வைத்து மிதித்தார், மிஷின் பறந்தது, இடது கால் தரையில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் தடவிக்கொண்டிருக்கிறது! நான் சிரித்து அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினேன். துணியில் ஒருவழியாக நேர்கோடு வந்தது. ஆனால் ஸீட்டுக்குப் போடுகிற ரெக்ஸினை இரண்டாக மடித்து வைத்தால் ஊசி டக்கென்று முறிந்தது. தடித்த ஊசி போட்டார், அதுவும் முறிந்தது. மிஷினிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. மிஷின் கம்பெனி கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டால் ஒரு குரல் மிக மரியாதையாக, ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க ஐயா என்றது, அதையே மூன்று விதமாகச் சொன்னது, கடைசியில் எங்க சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீங்க என்று கேட்டது. திருப்பி அனுப்பலாம் என்றால் வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்ப வேண்டுமாம். அந்த அட்டைப் பெட்டியை உன் அப்பா ஸீட்டின் அளவுக்கு முன்பக்கம், பின்பக்கம், ஓரப்பட்டை என்று வெட்டி அச்சு எடுத்து வைத்திருந்தார். மிஷின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் சொல்லாமல் நானே கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரம்மாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், வேறு இடத்தில் வாங்கிவிட்டு இப்போது வந்து நிற்கிறேன் என்பதையும் சொன்னேன். குத்திக்காட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவள், தலையணை உறைன்னு சொன்னா நான் எப்படிம்மா பஸ் ஸீட்டைக் கண்டுபிடிப்பேன் என்று சிரித்துவிட்டு, அவரையும் அந்த ஸீட்டையும் சேர்த்துக் கூட்டிட்டு வாங்க என்றாள். கூப்பிட்டால் வருவாரா? ஸீட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நான் படியிறங்க ஆரம்பித்தேன். தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே ஓடிவந்து வாங்கிக்கொண்டார், கடைவரை திட்டிக்கொண்டே வந்தார். திட்டுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

கடையின் பின்பக்கம் ஒரு கனத்த பழைய மிஷின் இருந்தது, தார்ப்பாயும் தோல்பையும் தைக்கிறது, கீழே பெரிய மோட்டார். கடைக்காரம்மா இவரை உட்கார வைத்து, இது கிளட்ச் மோட்டாருண்ணா, லேசா அழுத்தினா மெதுவா போகும், கொஞ்சம் கூடினா பிச்சுக்கிட்டு ஓடும், இதை நிதானமா ஓட்டப் பழகுறதுக்கே ஆளுங்க வாரக் கணக்குல தடுமாறுவாங்க, பயப்படாதீங்க என்றாள். கிளட்ச் என்ற சொல் காதில் விழுந்ததும் உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார் பார். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் விரலால் மிதியைத் தொட்டு, கண்ணை மூடி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். வண்டியில விட்டா பிடிக்கும், இதுல அழுத்தினா பிடிக்குது, அவ்வளவுதானே என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க உனக்கு அரை கிளட்ச் சொல்லிக்கொடுத்து நீ அழுதாயே, அந்த அரை கிளட்ச்தான். ஊசி ஒரு தடவை இறங்கி ஏறியது. நின்றது. மறுபடி ஒரு தடவை. ரெக்ஸின் இரண்டு மடிப்பு, நடுவில் பஞ்சு, ஒரு தையலுக்கு ஒரு தையல் என்று அப்படி ஒரு நிதானம். கடைக்காரம்மா குனிந்து அவர் காலைப் பார்த்தாள், அண்ணா இதுக்கு முன்னாடி எங்கே தெச்சீங்க என்று கேட்டாள். அவர் அப்போதுதான் முதல் முறையாக, நான் பஸ் டிரைவரும்மா, பஸ் ஸீட்டு தைக்கப் போறேன் என்று வாய்விட்டுச் சொன்னார். நான் புத்தம் புது மிஷின்களை எல்லாம் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மிஷினையே எடுத்துக்கொண்டோம். ஓர் ஆளை அனுப்பி மாடியில் ஏற்றிப் பொருத்திக் கொடுத்தாள், இரண்டு தடவை அவளே வந்து நூல் இறுக்கம் சரிபார்த்துவிட்டுப் போனாள். உன் மிஷினையும் பழிக்க மாட்டேன், தங்கமான மிஷின் அது. நான் இப்போது அதில் தலையணை உறை தைக்கிறேன், உன் அப்பா சொன்ன பொய்யை நான்தான் மெய்யாக்கிக்கொண்டிருக்கிறேன். அவரோ ஸீட்டைத் தைத்தார், கோணலாக இருக்கிறது என்று பிரித்தார், மறுபடி தைத்தார், மூலையில் சுருக்கம் விழுந்தது என்று மறுபடி பிரித்தார். விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி. எனக்கு வாய்த்த மனுஷனுக்கு இத்தனை பொறுமை இருக்கிறது என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது கண்ணு. என்னிடம் இதில் ஒரு பங்கைக் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்போம்.

நேற்று ஸீட்டை டிப்போவுக்குக் கொண்டு போனோம். மேனேஜர் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார், முட்டியை வைத்து அழுத்திப் பார்த்தார், ஆளைக் கூப்பிட்டு அந்தப் பழைய பஸ்ஸிலேயே, டிரைவருக்குப் பின்னால், மாட்டச் சொன்னார். மத்ததையும் அனுப்பி வைக்கிறேன் அண்ணே என்றார். அதே பஸ்ஸில் வீடு திரும்பினோம். வழியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறி அந்த ஸீட்டில் உட்கார்ந்தாள், வேலை முடிந்து வருகிறாள் போலிருக்கிறது, சாய்ந்தவள் அப்படியே தூங்கிப் போனாள், குழந்தையும் தூங்கியது. உன் அப்பா பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்க ஐயா என்று யாரோ இடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பெண் தலை சாய்த்திருந்த இடத்தில் ஓடிய தையலையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷம் ஓட்டியதில் ஒரு ஸ்டாப்பைக்கூடத் தவறவிடாத மனுஷன் கண்ணு, நம் வீட்டு ஸ்டாப் வந்து, நின்று, போயும் போய்விட்டது, அவருக்குத் தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.

கடைசி ஸ்டாப்பிலிருந்து இருட்டில் நடந்தே திரும்பினோம், வழியெல்லாம் நான்தான் ஞாபகப்படுத்தவில்லை என்று சண்டை. உடம்பைப் பார்த்துக்கொள், பேத்தியை நேரத்துக்குத் தூங்க வை, மாப்பிள்ளையிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். அடுத்த தடவை போன் பண்ணும்போது என்னைக் கேட்காதே, அவரிடம் கொடுக்கச் சொல்லி, அப்பா என்ன தைக்கிறீங்க என்று மட்டும் கேள். சொல்லுவார்.

உன் மிஷினில் தலையணை உறை தைக்கும்
அம்மா