பெபேயாளின் பதவி

ஜூலை 8, செவ்வாய்

புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டே ஃபோனில் பைபிள் கிரேக்க வகுப்பு கேட்டேன். ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரம். பெபேயாள் என்ற பெண்ணைப் பவுல் ‘தியாகொனோஸ்’ என்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் அவள் ‘ஊழியக்காரி’. அதே சொல் பிலிப்பியர் நிருபத்தில் வரும்போதோ ‘உதவிக்காரர்’ — சபையில் பதவி!

நம் சபை உதவிக்காரர் டேவிட்ராஜ் சென்னைக்குப் போனதிலிருந்து அவர் வேலையெல்லாம் யார் செய்கிறது? வியாதிக்காரரைப் பார்க்க தேவிகாபுரத்துக்கு பஸ் ஏறுவது யார்? நான்தானே?

ஜூலை 10

போதகரிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன்.

“தெரியும் சிஸ்டர். செமினரியிலேயே படிச்சேன். கமிட்டி ஒத்துக்காது.”

தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறார். கமிட்டித் தலைவர் யார்? என் வீட்டுக்காரர்.

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிடும்போது இவரிடம் பேச்சை எடுத்தேன்.

“ஏன் பேஜார் பண்றே? எல்லாம் செஞ்சுகினுதானே இருக்கே, பேரு எதுக்கு?”

“பேருல ஒண்ணுமில்லன்னா குடுக்க ஏன் யோசிக்கறீங்க?”

மோர் ஊற்றச் சொன்னார்.

ஆகஸ்ட் 2, சனி

மாத முதல் ஞாயிறு திருவிருந்துக்கு முந்தின நாள், திராட்சை ரசம் ஊற்றும் சின்னக் கோப்பைகளைக் கழுவி அடுக்குவது பெண்கள் வேலை. ஞாயிறன்று தட்டில் ஏந்தி வருவது ஆண்கள். இன்று நான் போகவில்லை. என் ஓரகத்தி சாராவும் போகவில்லை. “கழுவுறவங்கதான் எடுத்துகினு வருவோம்” என்று போதகருக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆண்கள் கழுவிய லட்சணம் — திராட்சை ரசத்தில் சோப்பு வாசனை! சாராவும் நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இவர் என்னோடு பேசவில்லை. அதுதான் வலிக்கிறது.

ஆகஸ்ட் 20

இன்னும் பேச்சில்லை. நானும் இறங்கி வரப்போவதில்லை.

செப்டம்பர் 6, சனி

போதகர் ஃபோன் செய்தார். “போன மாசம் மாதிரி சோப்பு ரசம் வேணாம், வந்து கழுவுங்க சிஸ்டர். நாளைக்குத் தட்டு உங்க கையிலதான். கமிட்டி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

செப்டம்பர் 7, ஞாயிறு

போதகர் பெபேயாளைப் பற்றி வாசித்தார். ‘உதவிக்காரி’ என்றே வாசித்தார். தட்டை என்னிடம் கொடுத்தார்.

முதல் வரிசையில் இவர். கையைக் கட்டிக்கொண்டு, தாண்டிப் போ என்று தலையசைத்தார். நான் நகரவில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ.

எடுத்துக் குடித்தார்.

“ஜல்தி போ, எல்லாரும் காத்துகினு இருக்காங்க.”

ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.